கேட்டமரானில் எட்டுப் பேர் விடுமுறை: கையெழுத்துப் போடும் ஒருவருக்கு மட்டும் ஏன் ரிஸ்க்?

நீலக் கடல், வெள்ளைப் படகு, முன்பக்க வலையில் காலை நீட்டிப் படுத்திருக்கும் நண்பர்கள். இப்படி ஒரு ரீல் வந்தால் போதும், அடுத்த நிமிடம் அது ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும். 'எட்டுப் பேர் சேர்ந்தா தலைக்கு எவ்வளவு வரும்?' என்று ஒருவர் கேட்பார். 'அட, ஹோட்டலைவிட சீப்பா இருக்கே!' என்று இன்னொருவர் கணக்குப் போடுவார். குரோஷியாவா, கிரீஸா என்று அப்போதே ஓட்டெடுப்பும் ஆரம்பித்துவிடும்.

அந்தக் கணக்கு தப்பில்லை. ஆனால் அது பாதிக் கணக்கு. ஒரு பாய்மரப் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுப்பது ஹோட்டல் ரூம் புக் செய்வது போன்றதல்ல. பல லட்சம் யூரோ மதிப்புள்ள ஒரு படகையும், அதில் ஏறும் எல்லோருடைய உயிரையும் பொறுப்பேற்றுக்கொள்கிறோம் என்று ஒருவர் கையெழுத்துப் போடும் விஷயம் அது. எட்டுப் பேரும் என்ஜாய் செய்கிறார்கள். பொறுப்பு மட்டும் ஒருவர் தலையில். இந்த ஏற்பாட்டைக் கிளம்புவதற்கு முன்பே பேசித் தீர்க்காத குழுக்களுக்குத்தான் கடல் பயணம் கசப்பில் முடிகிறது.

உலக அளவில் படகு வாடகைக்குப் பேர்போன இடங்களில் ஒன்றான குரோஷியாவின் டல்மேஷியக் கடற்கரையை உதாரணமாக வைத்து, இந்த விடுமுறை எப்படி நடக்கிறது, பணம் எங்கே போகிறது, எங்கே கவனம் வேண்டும் என்று பார்க்கலாம்.

பெயர் நம்முடையது... வடிவம்?

கேட்டமரான் என்ற சொல் தமிழின் 'கட்டுமரம்'தான். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர், இங்கே மரத்துண்டுகளைக் கட்டி மீன் பிடிக்கப் போகிறவர்களைப் பார்த்தார். 1697இல் வெளியான தன் பயண நூலில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டார். ஆங்கிலத்துக்குள் அந்தச் சொல் நுழைந்த கதை இதுதான்.

ஆனால் இன்று மரினாக்களில் நிற்கும் இரட்டை உடல் படகுக்கும், மெரினாவிலும் காசிமேட்டிலும் நாம் பார்த்த கட்டுமரத்துக்கும் வடிவத்தில் சொந்தம் குறைவு. நம்முடையது மரங்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய மிதவை. இப்போதைய கேட்டமரான் என்பது இரண்டு தனித்தனி உடல்களுக்கு நடுவே பாலம் போட்டது போன்ற அமைப்பு. பசிபிக் தீவு மக்களின் இரட்டை ஓடங்களே இதற்கு நெருங்கிய உறவு. 1876இல் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியேல் ஹெர்ரஷாஃப் 'அமரிலிஸ்' என்ற இரட்டை உடல் படகைக் கட்டி, நியூயார்க் போட்டியில் மற்ற படகுகளை ஓரம் கட்டினார். அதற்குப் பிறகு அந்த வகைப் படகுகளைப் போட்டியிலேயே சேர்க்க மறுத்தார்கள். அவ்வளவு வேகம். அந்த வேக வண்டிதான் இப்போது நான்கு படுக்கையறை, நான்கு பாத்ரூம், ஃபிரிட்ஜ், பார்பெக்யூ சகிதம் மிதக்கும் வீடாக மாறியிருக்கிறது.

குழுக்கள் ஏன் இதையே தேடுகிறார்கள்?

முதல் காரணம், இடம். ஏறக்குறைய 42 அடி நீளமுள்ள ஒற்றை உடல் பாய்மரப் படகின் அகலம் நான்கு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதே நீளத்தில், வாடகைச் சந்தையில் பரவலாகக் கிடைக்கும் லகூன் 42 என்ற கேட்டமரானின் அகலம் 7.7 மீட்டர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நான்கு ஜோடிகள் நான்கு மூலையில் தனித்தனி அறையில் தூங்கலாம். நடுவில் ஹால், பின்பக்கம் சாப்பாட்டு மேசை.

இரண்டாவது, சாயாது. ஒற்றை உடல் படகு காற்றடிக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே ஓடும். முதல்முறை ஏறுபவர்களுக்கு அது பயம். கேட்டமரானில் டீ டம்ளர் மேசையில் அப்படியே நிற்கும். மூன்றாவது, ஆழம் குறைந்த விரிகுடாவுக்குள்ளும் போகலாம். நீருக்குள் இறங்கியிருக்கும் பகுதி லகூன் 42இல் 1.25 மீட்டர்தான். ஒற்றை உடல் படகுகளுக்கு இரண்டு மீட்டர் தேவைப்படும்.

மறுபக்கமும் இருக்கிறது. அகலம் அதிகம் என்பதால் மரினாவில் இரண்டு படகு நிற்கும் இடத்தை இது ஒன்றே பிடித்துக்கொள்ளும். அதனால் ஒற்றை உடல் படகுக்கு வாங்குவதைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை நிறுத்தக் கட்டணம் கேட்கும் மரினாக்கள் உண்டு. சின்னத் துறைமுகங்களில் இடமே கிடைக்காமலும் போகலாம்.

இன்னொரு விஷயம் முக்கியமானது. சாயாது என்பது வசதி மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஒற்றை உடல் படகு சாய்ந்து, 'காற்று அதிகமாகிவிட்டது, பாயைச் சுருக்கு' என்று ஓட்டுபவருக்கு எச்சரிக்கை கொடுக்கும். கேட்டமரான் அப்படிச் சொல்லாது. கருவியில் காற்றின் வேகத்தைப் பார்த்துத்தான் பாயைச் சுருக்க வேண்டும். தப்பித் தவறிக் கவிழ்ந்தால், அடியில் கனமான கீல் உள்ள படகு போலத் தானாக நிமிரவும் செய்யாது. வாடகைப் படகுகள் கவிழ்வது அரிது என்பது உண்மை. ஆனால் அது அரிதாக இருப்பதற்குக் காரணமே, விஷயம் தெரிந்தவர்கள் நேரத்தோடு பாயைச் சுருக்கிவிடுவதுதான்.

எத்தனை வகை வாடகை?

பேர்போட்: படகை மட்டும் கொடுப்பார்கள். ஓட்டுவது, நங்கூரம் போடுவது, வழி பார்ப்பது எல்லாம் குழுவின் வேலை. லைசென்ஸ் கட்டாயம்.

ஸ்கிப்பருடன்: அதே படகு, கூட ஒரு தொழில்முறை ஓட்டுநர். சமையல், சுத்தம் எல்லாம் குழுவே பார்த்துக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் சமையலும் பராமரிப்பும் பார்க்கத் தனியாக ஒருவரைச் சேர்க்கலாம். அவரை ஹோஸ்டஸ் என்று சொல்வது இந்தத் தொழிலில் வழக்கம்.

முழுக் குழுவினருடன்: கேப்டன், சமையல்காரர், உதவியாளர் என எல்லோரும் படகோடு வருவார்கள். இதில் வாடகைக்கு மேல், சாப்பாடு, எரிபொருள், துறைமுகக் கட்டணத்துக்காக முன்பணம் ஒன்றும் கட்ட வேண்டும். பெரும்பாலும் அது வாடகையில் 25 முதல் 35 சதவீதம் வரை இருக்கும்.

கேபின் வாடகை: எட்டுப் பேர் சேரவில்லை, இரண்டு பேர்தான் என்றால் ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மற்ற அறைகளில் முன்பின் தெரியாதவர்கள் இருப்பார்கள்.

முதல்முறை போகும் நண்பர்கள் குழுவுக்குச் சரியானது இரண்டாவது வகைதான். ஆனால் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் எல்லோரும் கை வைப்பது அந்த ஸ்கிப்பர் சம்பளத்தில்தான். 'மச்சி, நீதான் கோர்ஸ் முடிச்சிருக்கியே, நீயே ஓட்டு' என்ற வசனம் அங்கேதான் வருகிறது.

'நீயே ஓட்டு' என்றால் என்ன அர்த்தம்?

குரோஷியாவில் பேர்போட் எடுக்க, அந்நாட்டு அரசு ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் உள்ள பாய்மரச் சான்றிதழ் வேண்டும். கூடவே வி.எச்.எஃப். ரேடியோ இயக்கும் சான்றிதழும் வேண்டும். கிரீஸில் இன்னும் ஒரு படி மேலே: பொறுப்பேற்பவரைத் தவிர, விஷயம் தெரிந்த இரண்டாவது ஆளும் படகில் இருக்க வேண்டும்.

பிரிட்டனின் ஆர்.ஒய்.ஏ. அமைப்பு வழங்கும் 'டே ஸ்கிப்பர்' செய்முறைப் பயிற்சி இந்த உலகில் பிரபலம். அது 5 நாள் பயிற்சி. அதில் சேரவே 5 நாள் கடல் அனுபவம், 100 நாட்டிக்கல் மைல், 4 மணி நேர இரவுப் பயணம் வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். சென்னையில் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் பாய்மரம் பழகியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒலிம்பிக் வரை போன நேத்ரா குமணன் சென்னைக்காரர்தான். ஆனால் ஒருவர் ஓட்டும் சின்ன டிங்கி படகில் கிடைக்கும் திறமை வேறு. ஏழு மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஒரு வீட்டை, குறுக்குக் காற்றில், இரண்டு படகுகளுக்கு நடுவே ரிவர்ஸில் கொண்டுவந்து கரையில் கட்டுவது வேறு. மத்தியதரைக் கடலின் பல துறைமுகங்களில் இப்படிப் பின்பக்கமாகத்தான் கட்ட வேண்டும்.

சான்றிதழ் இருப்பதாலேயே ஒருவர் கேப்டன் ஆகும்போது, சட்டத்தின் பார்வையில் அவர் நண்பர் அல்ல, படகின் பொறுப்பாளர். யாருக்காவது அடிபட்டால், பக்கத்துப் படகில் இடித்தால், தடை செய்த இடத்தில் நங்கூரம் போட்டால் துறைமுக அதிகாரி கேட்பது அவரைத்தான். அவர் குடிக்க முடியாது. ராத்திரி காற்று திசை மாறினால் எழுந்து நங்கூரம் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டியவரும் அவர்தான். மற்ற ஏழு பேருக்கு விடுமுறை, அவருக்கு மட்டும் சம்பளமில்லாத நைட் ஷிஃப்ட். இதையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் 'நீயே ஓட்டு' என்று கேட்க வேண்டும். தெரிந்தே, விரும்பி ஒத்துக்கொண்டால் சரி. ஆயிரத்துச் சொச்சம் யூரோ மிச்சம் பிடிக்க நண்பரை அந்த இடத்தில் தள்ளுவது நியாயமில்லை.

உண்மையான கணக்கு எவ்வளவு?

ஸ்ப்ளிட் நகரத்துக்குப் போவதற்கு முன் பில்லை ஸ்ப்ளிட் செய்து பார்ப்பது நல்லது. விலை சீசனைப் பொறுத்து ஏறி இறங்கும். ஜூலை, ஆகஸ்டில் உச்சம். மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர் கடைசி, அக்டோபரில் குறைவு. இங்கே கொடுப்பது கணக்கு எப்படிப் போட வேண்டும் என்பதற்கான மாதிரி மட்டுமே.

வலைதளத்தில் ஒரு வார வாடகை 6,000 யூரோ என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேருக்குத் தலைக்கு 750 யூரோ. வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுவது இந்த எண்தான். இப்போது மீதியைச் சேர்க்கலாம்:

- ஸ்கிப்பர், நாளைக்கு 200 வீதம் 7 நாள்: 1,400 யூரோ
- படுக்கை விரிப்பு, கடைசிச் சுத்தம், டிங்கி மோட்டார் சேர்ந்த கட்டாய பேக்கேஜ்: 350
- டீசல்: 250
- மரினா, மிதவைக் கட்டணம்: 700
- டெபாசிட் காப்பீடு: 300

மொத்தம் 9,000 யூரோ. தலைக்கு 1,125. அதாவது விளம்பரத்தில் பார்த்ததைப்போல ஒன்றரை மடங்கு. இதில் சாப்பாடு, விமான டிக்கெட், விசா, தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம், சுற்றுலா வரி எதுவும் சேரவில்லை. ஸ்கிப்பரின் சாப்பாடும் குழுவின் செலவுதான்.

இன்னொரு சிக்கல், எத்தனை பேர் தூங்கலாம் என்பது. நான்கு அறை, எட்டுப் படுக்கை உள்ள படகில் எட்டுப் பேர் ஏறினால் ஸ்கிப்பர் எங்கே தூங்குவார்? சில படகுகளில் முன்மூக்கில் அவருக்கென்று குட்டி அறை இருக்கும். இல்லையென்றால் ஓர் அறையை அவருக்கு ஒதுக்கி, குழுவை ஆறாகக் குறைக்க வேண்டும். அப்போது தலைக்கு விழும் தொகை 1,500 ஆகிவிடும். 'விளம்பரத்தில் 10 பேர் என்று போட்டிருக்கே' என்றால், ஹால் சோபாவை மடக்கிப் போடும் இரண்டு படுக்கையையும் சேர்த்துத்தான் அந்த எண் வந்திருக்கும்.

பணம் கட்டும் முறையும் பெரும்பாலும் ஒன்றுதான். புக் செய்யும்போது பாதி, கிளம்புவதற்கு நான்கு வாரங்களுக்கு முன் மீதி. நடுவில் ஒருவர் 'லீவ் கிடைக்கலடா' என்று கழன்றுகொண்டால், படகுக்காரர் அதற்காக வாடகையைக் குறைக்க மாட்டார். அந்தப் பங்கு மற்றவர்கள் தலையில் விழும். கழன்றுகொள்பவர் பங்கு என்ன ஆகும் என்று முதல் தவணை கட்டும் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்வது நட்புக்கு நல்லது.

டெபாசிட்: சண்டை தொடங்கும் இடம்

சாவி கையில் கொடுப்பதற்கு முன், கிரெடிட் கார்டில் ஒரு தொகையை பிளாக் செய்வார்கள். கேட்டமரான் என்றால் அது சில ஆயிரம் யூரோ. படகு பழுதில்லாமல் திரும்பினால் விடுவிப்பார்கள். உடைந்தால் அதிலிருந்து பிடிப்பார்கள். இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வரம்பு குறைவாக வைத்திருந்தால், சனிக்கிழமை மாலை மரினா கவுன்ட்டரில் நின்றுகொண்டு பேங்க் ஆப்பைத் தடவ வேண்டியிருக்கும். கிளம்பும் முன்பே வரம்பைச் சரிபார்த்துவிட வேண்டும்.

பிளாக் ஆவது ஒருவர் கார்டு. எட்டுப் பேரில் யாரோ ஒருவர் ஃபெண்டர் போட மறந்து படகின் ஓரம் சிராய்த்தால், பணம் போவது அந்த ஒருவரின் அக்கவுன்ட்டில். மற்றவர்கள் பிறகு தருவார்களா? 'அவன்தானே இடிச்சான், அவனே கட்டட்டும்' என்ற பேச்சு வந்துவிட்டால் அந்த குரூப் அத்தோடு சரி. இதற்கு எளிய தீர்வு உண்டு. டெபாசிட் 4,000 யூரோ என்றால், கிளம்பும் முன்பே தலைக்கு 500 வீதம் கார்டு கொடுத்தவரிடம் சேர்த்துவிட வேண்டும். யார் தப்பு என்று பார்க்காமல் சேதத்தைச் சமமாகப் பிரிப்பது என்று முடிவெடுத்துவிட வேண்டும். பணம் திரும்பி வந்தால் திருப்பிக் கொடுக்கலாம்.

'டெபாசிட் இன்சூரன்ஸ்' எடுத்தால் பிளாக் ஆகும் தொகை குறையும், அல்லது சேதத்தொகை பிறகு திரும்பக் கிடைக்கும். இரண்டில் எது என்று கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. டிங்கி, அதன் மோட்டார், பாய் கிழிவது, கடலில் தொலைந்த பொருள்கள், அலட்சியத்தால் நடந்த சேதம் ஆகியவற்றுக்குக் காப்பீடு பொருந்தாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். ஸ்கிப்பர் ஓட்டும்போது இடித்தால் யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். 'ஸ்கிப்பர் இருக்காரே' என்று நினைத்துக்கொண்டு அந்தப் பத்தியைப் படிக்காமல் விடுவதுதான் பலரும் செய்வது.

படகை எடுக்கும்போது அவசரப்படக் கூடாது. இரண்டு உடல்களின் வெளிப்பக்கம், பாய்கள், டிங்கி, இரண்டு என்ஜின், ஃபிரிட்ஜ், டாய்லெட், நங்கூரம் எல்லாவற்றையும் இயக்கிப் பார்த்து, தேதியோடு வீடியோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே உள்ள கீறல்களைப் பட்டியலில் எழுதச் சொல்ல வேண்டும். அந்த அரை மணி நேரம்தான் ஒரு வாரம் கழித்து டெபாசிட்டைக் காப்பாற்றும்.

ஸ்கிப்பர் வேலைக்காரர் அல்ல

ஸ்கிப்பரை வைத்துக்கொண்டால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடுமா? இல்லை. அங்கே இன்னொரு பிரச்சினை தொடங்கும். காசு கொடுத்திருக்கிறோம் என்பதால் டிராவல்ஸ் வேன் டிரைவரிடம் பேசுவது போல 'இன்னும் ஒரு இடம் போய்ட்டு வந்துடலாம்' என்று அழுத்தம் கொடுப்பார்கள்.

கடலில் கடைசி முடிவு ஸ்கிப்பருடையது. இன்று கிளம்ப வேண்டாம் என்று அவர் சொன்னால் கிளம்பக் கூடாது. 2024 ஆகஸ்ட் 19 அதிகாலை, இத்தாலியின் சிசிலித் தீவுக்கு அருகே நங்கூரமிட்டு நின்ற 'பேயீசியன்' என்ற 56 மீட்டர் சொகுசுப் பாய்மரக் கப்பல் புயல்காற்றில் மூழ்கி 7 பேர் இறந்தார்கள். அது வேறு வகைக் கப்பல், வேறு அளவு. ஆனால் கோடைக்கால மத்தியதரைக் கடல் எப்போதும் குளம் போல இருக்கும் என்ற நினைப்பை மாற்றிக்கொள்ள அந்த ஒரு இரவு போதும்.

ஸ்கிப்பருக்குத் தூக்கம் வேண்டும், சாப்பாடு வேண்டும், கதவு உள்ள அறை வேண்டும். நடு ஹாலில் ராத்திரி இரண்டு மணி வரை பாட்டுப் போட்டுவிட்டு, அதே ஹாலில் தூங்க வேண்டிய ஆளை ஆறு மணிக்கு எழுப்பி ஓட்டச் சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம் மட்டுமல்ல. படகில் உள்ள எல்லோருக்கும் அது ஆபத்து.

ஒரு வாரத்தில் எங்கே போகலாம்?

குரோஷியாவில் வாடகை வாரம் சனி முதல் சனி வரை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிவாக்கில் படகு கைக்கு வரும். அடுத்த சனி காலை ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை மாலையே மரினாவுக்குத் திரும்பி, டீசல் நிரப்பி நிற்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. எனவே 'ஏழு நாள்' என்பது உண்மையில் ஆறு நாள் பயணம்.

கேட்டமரான் சராசரியாக மணிக்கு 5 முதல் 7 நாட் வேகத்தில் போகும். ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கி.மீ. அப்படியென்றால் சைக்கிள் வேகம். ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் ஏறக்குறைய நூறு நாட்டிக்கல் மைல். போய் வரவே ஏறக்குறைய 30 முதல் 40 மணி நேரம் ஓட்ட வேண்டிய தூரம் அது. ஒரு வாரத்தில் அதைத் திணிப்பது, மூன்று நாளில் காஷ்மீரும் கன்னியாகுமரியும் பார்க்கிற கதை.

முதல்முறை போகும் குழுவுக்கு ஷோல்டா, விஸ், ஹ்வார், பிராச் என்று ஸ்ப்ளிட்டைச் சுற்றியுள்ள தீவுகளே போதும். விஸ் தீவு யூகோஸ்லாவியா காலத்தில் ராணுவத் தளம். 1989 வரை வெளிநாட்டினருக்கு அங்கே அனுமதி இல்லை. அதனாலேயே இன்றும் அமைதியாக இருக்கிறது. பக்கத்தில் உள்ள பிஷேவோ தீவின் நீலக் குகைக்குள் பெரிய படகு போக முடியாது, சின்னப் படகில்தான் அழைத்துப் போவார்கள். மதியத்தை ஒட்டிய நேரத்தில் சூரிய ஒளி நீருக்கடியிலிருந்து வந்து குகை முழுக்க நீலமாகும்.

காற்றுக்கும் அங்கே பெயர்கள் உண்டு. நம் கடற்கரையில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று சொல்வது போல அங்கே மேஸ்ட்ரால், யூகோ, பூரா. கோடை மதியத்தில் வடமேற்கிலிருந்து வரும் மேஸ்ட்ரால் நல்ல பிள்ளை. பாய் விரித்துப் போக ஏற்றது. தென்கிழக்கின் யூகோ மேகத்தையும் மழையையும் பெரிய அலையையும் கூட்டி வரும். வடகிழக்கு மலையிலிருந்து இறங்கும் பூரா, முன்னறிவிப்பு குறைவாக, திடீர்ப் பாய்ச்சலாக அடிக்கும். குளிர்காலத்தில் அதன் ஆட்டம் அதிகம் என்றாலும் மற்ற மாதங்களிலும் வரலாம். கிரீஸின் ஏஜியன் கடலுக்குப் போகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டில் பல நாள் தொடர்ந்து அடிக்கும் மெல்டெமி வடகாற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். எனவே பயணத் திட்டத்தில் ஒரு நாளையாவது காலியாக விட்டுவைக்க வேண்டும். அது காற்றுக்கான நாள்.

நீச்சல் தெரியாதவர்கள்?

நம் ஊர்க் குழுக்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாமல் இருப்பது சாதாரணம். அதை மறைக்கத் தேவையில்லை. புக் செய்யும்போதே சொல்லிவிடலாம். எல்லோருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, குழந்தை வந்தால் அதன் அளவுக்கு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். முதல் நாளே ஒவ்வொருவரும் போட்டுப் பார்க்க வேண்டும்.

என்ஜின் ஓடும்போது யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. குளிக்கும்போது பின்பக்கம் மிதவை கட்டிய கயிறு ஒன்று விட்டு வைக்க வேண்டும். நீரோட்டம் இழுத்தால் பிடிக்க அது உதவும். குடித்துவிட்டு ராத்திரியில் கடலில் குதிப்பது வீடியோவுக்கு நன்றாக இருக்கும், ஆனால் வேண்டாம். ரேடியோவில் சேனல் 16 அவசரத்துக்கானது. குரோஷியாவில் கடல் மீட்பு எண் 195. ஸ்கிப்பருக்கே ஏதாவது ஆகிவிட்டால் ரேடியோவில் பேச இன்னும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீரும் கணக்குதான். தொட்டியில் சில நூறு லிட்டர்தான் இருக்கும். எட்டுப் பேர் வீட்டில் குளிப்பது போலக் குளித்தால் இரண்டாம் நாளே காலி. டாய்லெட்டில் பேப்பர் போடக் கூடாது. அடைத்துக்கொண்டால் அதைச் சரிசெய்யும் செலவும் டெபாசிட்டில்தான் விழும்.

விசா, சாப்பாடு

குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, யூரோவுக்கும் மாறிவிட்டது. இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தப் பாலிசியில் பாய்மரப் பயணம் 'சாகச விளையாட்டு' என்று விலக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் படகுப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இந்தியக் குழுக்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரிய ரிஸ்க்.

சாப்பாட்டு மூட்டை கட்டும் அம்மாக்களின் கவனத்துக்கு: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருள்களும் இறைச்சியும் கொண்டுபோக வெளிநாட்டுப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. நெய், பால்கோவா, மட்டன் ஊறுகாய் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் போதும். கேஸ் அடுப்பு படகிலேயே உண்டு.

முடிவு எடுக்கும் முன்

படகு விடுமுறை பணக்காரர்களுக்கு மட்டுமானது என்ற காலம் போய்விட்டது. ஆறேழு பேர் சேர்ந்தால் நடுத்தர வருமானக்காரர்களும் போகலாம் என்பது நல்ல மாற்றம்தான். ஆனால் செலவைப் பிரிக்கக் கற்றுக்கொண்ட நாம், பொறுப்பைப் பிரிக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

எனவே முதல் தவணை கட்டும் முன் ஐந்து கேள்விகளுக்கு குரூப்பில் எழுத்தில் பதில் இருக்கட்டும். கேப்டன் யார்? டெபாசிட் யார் கார்டில், மற்றவர்கள் பங்கு எப்போது அவர் கைக்கு வரும்? சேதம் எப்படிப் பிரியும்? ஒருவர் கடைசி நேரத்தில் விலகினால் அவர் பங்கு என்ன ஆகும்? விசா கிடைக்காவிட்டால்? இந்த ஐந்துக்கும் எல்லோரும் ஓகே சொன்னால் மட்டும் புக் செய்யலாம். சொல்லத் தயங்குகிற குழு, அந்த வருடம் கேபின் வாடகையிலோ ஒரு நாள் படகுப் பயணத்திலோ ஆசையைத் தீர்த்துக்கொள்வதே மேல்.

ஸ்கிப்பரைத் தவிர்த்து மிச்சமாவது, நமது மாதிரிக் கணக்கின்படி, தலைக்கு 175 யூரோ. ஒரு நண்பரின் ஒரு வாரத் தூக்கத்தையும், அவர் பெயரில் வரக்கூடிய வழக்கையும் அதற்கு ஈடாக வைக்க வேண்டாம்.